நான்காவது குண்டூசி

இருபத்திரண்டாம் நாள்
இடது சுண்டுவிரல் நகம் கழன்று காலுறைக்குள் கிடந்தது.
ஒரு பீச் மரத்தடியில் அதைப் போட்டுவிட்டு நடந்தேன்.
மரத்தில் சிவப்புக் கோடு. அடுத்த மரத்திலும் சிவப்புக் கோடு.
பல்கேரியாவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்க
எனக்கு வாசிக்கத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான்.

தண்ணீர் விஷயம் முதல் வாரமே நடந்துவிட்டது.
மேலே ஊற்று உண்டா என்று
காலி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டிக் கேட்டேன்.
விறகு லாரிக்காரன் தெலியன்
தலையை மேலும் கீழுமாக அசைத்தான்.
நான்கு மணி நேரம் ஏறினேன்.
இருந்தது ஒரு குழாய். அதன் வாயில் சிலந்தி.

இங்கே மேலும் கீழும் என்றால் இல்லை.
பக்கவாட்டில் என்றால் ஆம்.
மலைவிடுதிக்காரி ஸ்னெஷானா
வெள்ளரிக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு
என் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிச் சொல்லித்தந்தாள்.
வாயைத் திறந்து பதில் சொல், தலையை ஆட்டாதே என்று
கணக்கு டீச்சரிடம் குட்டு வாங்கிய தலை.
நாற்பத்தேழு வயதில் அதற்கு எதுவும் ஏறவில்லை.

ஊர்கள் வந்தன. கூரையைப் பிளந்து பிளம் மரம் நிற்கும் வீடுகள்.
கதவில், மின்கம்பத்தில், பேருந்து வராத நிறுத்தத்தில்
ஜெராக்ஸ் தாளில் முகங்கள்.
இறந்து நாற்பது நாள். ஆறு மாதம். பதினொரு வருடம்.
நம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி மாதிரி
கீழே வரிசையாக வருந்துவோர் படம் இல்லை.
ஆள் தனியாக இருக்கிறார்.
ஒருநாள் எண்ணினேன்:
நடமாடியவர்கள் ஐந்து பேர். தாளில் முப்பத்தொன்று.

தபால்காரி வெசெலினா என்னை ஒரு பாலத்தில் நிறுத்தினாள்.
அந்தப் பக்கத்து ஊருக்குச் சாலையில் அறுபது கிலோமீட்டர்,
காலில் ஒரே ஒரு மலை.
நீ போகிறாய்தானே என்று
கைப்பிடிச் சுவரில் இரண்டு விரல்களை நடக்கவிட்டாள்.
பிளாஸ்டிக் உறையில் ஒரு தாள், நான்கு குண்டூசி.
பென்சோ க்ரூமோவ். எழுபத்து மூன்று.
ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம்.
பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டார்கள்,
கட்டம் போட்ட ஒரு தோள் மட்டும் மிச்சம்.

அன்று முழுக்க மழை.
ரொட்டி நனைந்தது, பாஸ்போர்ட் நனைந்தது.
பென்சோவைச் சட்டைக்குள் வைத்திருந்தேன்.
மந்தை நாய்கள் வளைத்துக்கொண்டபோது
கழியை விட்டுவிட்டு அவரைத்தான் பிடித்தேன்,
ஏன் என்று தெரியவில்லை.

பூட்டிய கடைக் கதவில் மாட்டினேன்.
முதல் மூலை, இரண்டாவது, மூன்றாவது.
திரும்பினால்
தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒருவர்.
தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
தெரியுமா என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.
இல்லை என்று தலையாட்டினேன்.
இடமும் வலமும். நன்றாக. இரண்டு தடவை.

அவருக்கு முகம் நொறுங்கிவிட்டது.
என் முழங்கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.
பீன்ஸ் சூப், வெள்ளைப் பாலாடைக்கட்டி,
மூன்று கண்ணாடிக் கிண்ணங்களில் ராக்கியா:
ஒன்று யாருக்கும் இல்லை.
இருட்டும்வரை பேசினார்.
கைகள் மோட்டார் சைக்கிளாகின, வாய்க்காலில் விழுந்தன,
ஒரு பெண்ணை வரைந்து அழித்தன.
நடுவில் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.
கட்டம் போட்ட கோட்டு.
அதன் தோளைத் தட்டிக் காட்டினார்.

'இல்லை' என்பதற்கு அவர்கள் சொல் எனக்குத் தெரியும்.
ஓரசைதான்.
வாய் நிறைய ரொட்டி இருந்தது,
ரொட்டி தீர்ந்த பிறகும் சொல்லவில்லை.
படுக்கை விரித்துக் கொடுத்தார். காலையில்
என் ஈரக் காலுறைகளுக்குள் செய்தித்தாள் திணித்திருந்தது.

கருங்கடல் வந்தபோது முனையில் காற்று.
முதல் மலையில் எடுத்த கல்லை
இங்கே எறிய வேண்டும் என்பது நடப்பவர்களின் வழக்கம்.
பைக்குள் துழாவினேன். விரலில் குத்தியது
நான்காவது குண்டூசி.

அங்கேயும் இப்போது காற்று அடிக்கும்.
பூட்டிய கதவில்
தாளின் ஒரு மூலை அசைந்துகொண்டிருக்கும்,
மேலும் கீழுமாக.