அடி மேல் அடி

ஆற்றின் வடகரையில் எட்மண்ட்ஸ்டன், கனடா.
தென்கரையில் மடவாஸ்கா, அமெரிக்கா.
நடுவே பாலம். தெற்கே நடந்தால்
பாதியில் கிலோமீட்டர் மைலாகிறது,
லிட்டர் கேலனாகிறது,
கைக்கடிகாரத்தில் ஒரு மணி குறைகிறது.
பேச்சு மட்டும் மாறுவதில்லை.
இரு கரையிலும் அதே பிரெஞ்சு,
அதே வசவுகள்.

பிப்ரவரி.
குளிர் மைனஸ் நாற்பதைத் தொட்ட இரவு.
செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும்
ஒரே எண்ணைச் சொல்லும் ஒரே இடம் அது.
இவ்விரண்டும் ஒத்துப்போக
அவ்வளவு கொடுமை வேண்டியிருக்கிறது.

காகித ஆலையின் கொதிகலன் கூடத்தில் ஓடீல் சீர்,
காதில் பென்சில், இரவு ஷிப்ட்.
முதல் கொதிகலன் தனியாகத் திணறுகிறது,
இரண்டாவதை ஏற்ற வேண்டும்.
எண்ணெய் வந்தது அக்கரையிலிருந்து,
கூடவே ஒரு சீட்டு:
முப்பது டிகிரியில்
ஆயிரத்து எழுநூறு சென்டிஸ்டோக்ஸ்.
பம்ப் பழையது, ஒஹாயோவில் வார்த்தது.
அதன் பொறுமையின் எல்லை
பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தது:
நொடிக்கு 0.01 சதுர அடி.

ஓர் அடி என்றால் 0.3048 மீட்டர்.
பெருக்கினாள். புள்ளியை நகர்த்தினாள்.
மூவாயிரத்து நாற்பத்தெட்டு.
ஆயிரத்து எழுநூறு எங்கே, மூவாயிரம் எங்கே!
தாராளம் என்று சுவிட்சைப் போட்டாள்.

தேன்கூட இல்லை அது, தாரின் தம்பி.
பம்ப் முதலில் முனகியது,
பிறகு பல்லைக் கடித்தது,
பிறகு
விரலளவு எஃகுப் பின் ஒன்று
துப்பாக்கி வெடித்ததுபோல் முறிந்தது.
அதற்கப்புறம் வந்த அமைதியில்தான்
அவளுக்குக் கை நடுங்கியது.

அக்கரை ஆய்வகத்தில் ஃபெர்னான் பொஸே.
பதினொரு வருடமாகக் குரல் மட்டும் தெரியும்.
"எதால் பெருக்கினாய்?"
சொன்னாள்.
"எத்தனை முறை?"

பதில் இல்லை.
போனில் அவன் எதையோ மெல்லும் சத்தம்.

தமிழில் எனக்கு இது எளிது:
அடி மேல் அடி.
அடியை அடியால் பெருக்கினால்தான் சதுர அடி.
மீட்டருக்குப் போகும்போது இரண்டு அடியும் போக வேண்டும்.
ஒன்றை எடுத்து வைத்து ஒன்றை விட்டால்
ஒரு கால் இக்கரையில், ஒரு கால் அக்கரையில்,
கீழே ஆறு.
அவர்கள் மொழியில் இந்தச் சிலேடை கிடையாது.
அங்கே அடி வெறும் பாதம்,
அடிப்பதற்கு வேறு சொல்.
ஆகவே ஓடீல், சீட்டின் பின்புறம்,
கறைகளுக்கு இடையே,
முழுசாகவே போட்டுப் பார்த்தாள்:
0.3048-ஐ மறுபடி 0.3048-ஆல்.
0.0929.
தொள்ளாயிரத்து இருபத்தொன்பது.
பம்ப் தாங்குவது அவ்வளவுதான்.
அவள் புகட்டியதோ ஏறக்குறைய இரட்டிப்பு.

புதுப் பின் மாட்டினாள்.
தொட்டிக்குள் நீராவியைத் திறந்துவிட்டாள்.
"நாற்பது டிகிரி வரட்டும்," என்றான்.
அவளுடைய மானியில் அது நூற்று நான்கு,
பிள்ளைகளுக்கு ஈரத்துணி போடுகிற காய்ச்சல்.
(இந்தக் கணக்கில் பெருக்கினால் போதாது,
முப்பத்திரண்டைக் கூட்டவும் வேண்டும்.
அதை அவள் மறக்கவில்லை.)

"வைத்துவிடவா?"
"இருக்கட்டும்."

தன் முழங்காலைப் பற்றிச் சொன்னான்.
விற்ற படகைப் பற்றிச் சொன்னாள்.
"கொழகொழப்பை ஏன் பரப்பால் அளக்கிறார்கள்?"
என்று நடுவில் கேட்டாள்,
இருபது வருடமாகக் கேட்காத கேள்வி.
"பாகுநிலையை அடர்த்தியால் வகு.
கனம் எல்லாம் அடிபட்டுப் போகும்.
மிச்சம் பரப்பும் நேரமும்தான்."
கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
மிச்சம் இருந்தது நேரம்.

ஐந்து பத்துக்கு எண்ணெய் நகர்ந்தது.
அவனுக்கு ஆறு பத்து.
இரண்டாவது கொதிகலன் தீப்பிடித்ததும்
"சரி" என்றான், வைத்தான்.

வீட்டுக்குக் கிளம்புமுன்
மெழுகுப் பென்சிலால்
தகட்டில் அந்தச் சதுர அடிக்குப் பக்கத்தில்
இரண்டு பாதங்கள் வரைந்தாள்.
பகல் ஷிப்ட்காரன்,
யாரோ பம்ப் மேல் ஏறி நின்றிருக்கிறார்கள் என்று
துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.