நீர்மேசை

ஆறு கிழமைப் பயிற்சி.
முதல் நாள் கையில் தந்தவை:
ஒரு விசில், முந்தியவரின் பல் பதிந்தது.
ஒரு கழுத்தட்டை, அதில்
விதுர்ஷனா என்ற என் பெயருக்கு ஒரு கால் குறைவு.
பன்னிரண்டு பக்க வழிகாட்டல் பிரதி.
‘பிள்ளைகளுக்கு விடை சொல்லக் கூடாது,
வினா மட்டுமே கேட்கலாம்’ என்று
முதற்பக்கத்திலேயே தடித்த எழுத்து.

இரண்டாம் கிழமை முழுக்க முழந்தாளில் நடந்தேன்.
விளக்கச் சீட்டுகள் மூன்றடி உயரத்தில் இருக்கின்றனவா என்று
அளவுநாடாவோடு ஜெயரூபி அக்கா முன்னே போக
எட்டு வயதாகி நான் பின்னே போனேன்.
அந்த உயரத்திலிருந்து பார்த்தால்
முதலை மண்டையோட்டின் உட்புறம்
சொத்தைப்பல் ஒன்று தெரிகிறது.
மேசைகளுக்கு அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம்.
பெரியவர்கள் எல்லோரும் வெறும் இடுப்புப்பட்டி.

மூன்றாம் கிழமை நீர்மேசை எனக்கு.
தகரத் தொட்டி. அதற்குள் நம்முடைய வாவி
மண்டூர்ப் பக்கம் ஒல்லியாய்த் தொடங்கி
புளியந்தீவைச் சுற்றிக்கொண்டு
கல்லடிப் பாலத்துக்குக் கீழால் நுழைந்து
முகத்துவாரத்து மணல்மேட்டில் முட்டி நிற்கும்.
மேலே துளை போட்ட வாளி: அது மாரி.
கரையில் தீப்பெட்டி வீடுகள்.
பச்சைக் கம்பளித் துண்டு வயல்.
சிவப்பு பிளாஸ்டிக் மண்வெட்டி, ஒன்றே ஒன்று.

பிரதி சொல்லும்: மழை பெய்யட்டும். வாவி நிரம்பட்டும்.
‘இனி என்ன செய்யலாம்?’ என்று கேளுங்கள்.
எதிர்பார்க்கும் விடை:
மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடலாம்.
நேரம் ஏழு நிமிடம்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ்.
ஒன்று வெல்லாவெளியிலிருந்து, ஒன்று நாவலடியிலிருந்து.
வரிசை கலைந்து, சப்பாத்து கழற்றி, சத்தம்.

மழை பெய்தது. வாவி நிரம்பியது. கேட்டேன்.

கம்பளி வயல் நனைந்து கறுத்ததும்
மண்வெட்டியைப் பாய்ந்து எடுத்தான் கோபிதன்.
‘சுறுக்கா வெட்டணும் மிஸ்.
போன மாரிக்கு எங்கட வயல் தாண்ட மறுகாதான்
வந்து வெட்டினவங்க.’

மண்வெட்டியின் மறுமுனையில் ஒருத்தி,
முன்பல் இல்லாத அனோஜினி.
‘இப்ப வெட்ட ஒண்ணா.
வெட்டினா இறால் எல்லாம் கடலுக்குப் போயிரும்.
மறுகா எங்கட அப்பா என்னத்தப் பிடிக்கிற?’

பிரதியைப் புரட்டினேன்.
பன்னிரண்டு பக்கத்திலும் இறால் இல்லை.

‘எந்த நாள் வெட்டுறதெண்டு
ஆர் மிஸ் முடிவெடுக்கிற?’
இது மூன்றாவது பிள்ளை, பெயரட்டை கவிழ்ந்து கிடந்தது.
வினா மட்டுமே கேட்கலாம் என்ற விதியை
என்னைவிட ஒழுங்காய்க் கடைப்பிடித்தாள்.

வாளியை நிறுத்த மறந்திருந்தேன்.
விளிம்பைத் தாண்டி விழுந்தது தண்ணீர்.
தீப்பெட்டி வீடொன்று வழிந்து வந்து
என் பெருவிரலில் முட்டியது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மண்வெட்டியை விட்டார்கள்.
குனிந்து வீடு பொறுக்கினார்கள்.
‘இது ஆர்ட?’
‘தெரியா. நனையாத இடத்தில வை.’
நனையாமல் மிச்சமிருந்தது மணல்மேடு மட்டும்தான்.
அதன்மேல் ஒன்று, அதற்குப் பக்கத்தில் ஒன்று,
பதினாலு வீடு.

வெட்ட வேண்டிய இடத்தில் இப்போது ஓர் ஊர்.

விசிலை ஊதினேன்.
ஏழு நிமிடம் இருபத்தாறு ஆகியிருந்தது.

பஸ்கள் போன பிறகு நிலத்தைத் துடைத்தேன், நான்கு வாளி.
படிவம் நிரப்பினேன்.
பிள்ளைகள்: அறுபத்து மூன்று.
கற்றல் பேறு எட்டப்பட்டதா, ஆம், இல்லை, கோடிடுக.

தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து ஜெயரூபி அக்கா
‘வடிகால் சின்னன் எண்டு எழுது,
அதுக்குத்தான் காசு தருவாங்க’ என்றாள்.
எழுதினேன்.
அதற்குக் கீழே, யாரும் கேட்காத வரியில்,
இரண்டாவது மண்வெட்டி வாங்க வேண்டாம்
என்றும் எழுதினேன்.