ஒற்றைப் பூட்ஸின் வயது

நவம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும் கிளைபேடாவில்.
கிரேன் கூண்டிலிருந்து இறங்கி
ஐந்து மாடி ஏறுகிறேன்.
கோட்டில் கடல் வாடை. கையில்
தபால்பெட்டியில் எவனோ திணித்துப்போன
சூப்பர்மார்க்கெட் விளம்பரத்தாள்.

"பள்ளியில் என்ன செய்தாய்?"
"ஒன்றுமில்லை."
"என்ன சாப்பிட்டாய்?"
"தெரியாது."
ஆறு வயது வகாரிஸின் வாயிலிருந்து
அதற்குமேல் ஒரு சொல் பெயர்க்க
என் நாற்பது டன் கொக்கியாலும் ஆகாது.

பல் மருத்துவரிடம் காத்திருந்த ஒரு மணி நேரமும்
சுவரில் மாட்டிய கடைவாய்ப் பல்லின் படத்தோடு
அவன் வளவளவென்று பேசிக்கொண்டிருந்ததை
டைவா ஒட்டுக்கேட்டிருக்கிறாள்.
அன்றோடு கேள்விகளை நிறுத்தினோம்.
கத்தரிக்கோலை எடுத்தோம்.

சமையல் மேசையில்
பீட்ரூட் கறைக்குப் பக்கத்தில்
குவிகிறது ஓர் ஊர்:
ஹெரிங் மீன், சலவை இயந்திரம்,
தலையணை விற்பதற்காகத் தூங்கும் யாரோ ஒரு பெண்,
உருண்டைப் பாலாடைக்கட்டி, அதுதான் நிலா,
பிறகு தள்ளுபடியில் ஒரு பூட்ஸ்.
ஒன்றே ஒன்று. இடது கால்.

ஜோடி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன்.
மேசைக்கடியில் டைவா என் காலை மிதித்தாள்.
"உம்" என்றேன்.
அது போதுமாயிருந்தது.

பூட்ஸுக்குப் பன்னிரண்டு வயது, என்றான்.
புள்ளிக்குப் பின்னால் இருக்கிற தொண்ணூற்றொன்பது
அடுத்த பிறந்தநாளுக்கு மிச்சமுள்ள நாட்கள்.
உம்.
அது தன் வலதைத் தேடிப் போகிறது.
உம்.
சலவை இயந்திரத்துக்குள் எட்டிப் பார்க்கிறது.
அங்கே ஒரே மழை.
ஹெரிங் சொல்கிறது: கப்பலேறிப் போய்விட்டான் உன் அண்ணன்,
துறைமுகத்தில் கேட்டுப் பார்.
துறைமுகத்தில் ஒரு கிரேன்காரன் இருந்தான்.
(என் முதுகு தானாக நிமிர்ந்தது.)
அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இம்முறை "உம்" வரக்
கொஞ்சம் தாமதமானது எனக்கு.

அந்த இடைவெளியில்தான் உக்னே, இரண்டு வயது,
நாற்காலியில் தொற்றி ஏறி
நிலாவை வாயில் போட்டுக்கொண்டாள்.

வீறிட்டான். பசைக்குப்பி கவிழ்ந்தது.
டைவா விரல்விட்டு எடுத்ததில்
வந்தது கால்வாசி, மஞ்சள் கூழாக.
வேறொரு பாலாடைக்கட்டி வெட்டித் தருகிறேன் என்றேன்.
"அது வேறே நிலா" என்று விசும்பினான்.
அதுவும் சரிதான்.

மழை ஜன்னலைச் சுரண்டியது.
கெட்டிலில் நீர் கொதித்து அடங்கும்வரை
யாரும் எதுவும் பேசவில்லை.
பிறகு மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தபடி:

"அப்புறம் நிலாவை ஒரு குட்டிப்பூதம் தின்றுவிட்டது.
ஊரெல்லாம் இருட்டு.
பூட்ஸுக்குக் கண்ணே தெரியவில்லை.
நடந்தது, நடந்தது, எதன் மேலோ மோதியது.
தொட்டுப் பார்த்தது.
கயிறு இருந்தது.
இதே மாதிரிக் கயிறு."

தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்து
குட்டிப்பூதம் கைதட்டியது.
முடிந்ததென்று நான் எழுந்தேன்.

"உட்கார். அது வலதா என்று இன்னும் தெரியாது.
விடியணும்."

தாளில் மிச்சம் கிடந்தது
ஊதாவாய்ப் பளபளக்கும் ஒரு கத்தரிக்காய்.
அதை ஒட்டினால் கதை முடிந்துவிடும் என்று
பட்டதோ என்னவோ,
எடுத்துத் தூங்கும் பெண்ணின் தலையணைக்கடியில்
செருகிவிட்டான்.

நாளை காலை ஆறு மணி ஷிஃப்ட்.
போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும்.
இருட்டில் யாராவது
வழி கேட்டு வந்தாலும் வரலாம்.