தோட்டா வகை: ..................

திரு. ஹாகன்,
உங்கள் படிவம் செவ்வாய்க்கிழமைத் தபால் விமானத்தில் வந்தது.
நான்காம் கேள்விக்கு எதிரே
விரல் நீளத்தில் ஒரு கோடு.
இனி வாழ்நாளெல்லாம் இந்தத் துப்பாக்கி
எதைத் தின்னும் என்று அதில் எழுதவேண்டும்.
இடம் போதவில்லை.
தாளைத் திருப்பிக்கொண்டேன்.

பூட்டு நல்ல பூட்டு. மவுசர்.
என்னைவிட மூத்தது, என்னைவிட வழுக்கி நகர்வது.
குழல்தான் போயிற்று.
விளக்குக்கு நேராகப் பிடித்தால் உள்ளே
மழை பெய்து ஓய்ந்த மணல்போல் குழிகுழியாய்.

என் கொழுந்தன் ஸ்பிரிடோன்
(கேட்காமலே சொல்வான்)
முந்நூற்று முப்பத்தெட்டு மேக்னம் என்கிறான்.
கோடியாக் கடையில்
பால்பவுடருக்குப் பக்கத்திலேயே அடுக்கியிருக்குமாம்.
உண்மைதான்.
ஆனால் நண்டுப் படகில் முறிந்து
கோணலாய்க் கூடிய காறையெலும்பு அவனுடையதல்ல.
அவன் துப்பாக்கியில் மூன்று முறை சுட்டுப் பார்த்தேன்.
நான்காம் முறை, விசையைத் தொடும் முன்பே
கண் தானாக மூடிக்கொண்டது.
மூடிய கண்ணுக்கு
எந்தக் குண்டும் பெரிதில்லை.

முந்நூற்றெழுபத்தைந்துக்கு
மவுசரின் வயிற்றைக் கீறி நீட்டவேண்டும். வேண்டாம்.
ஒன்பது புள்ளி மூன்றைப் பற்றி
நீங்கள் தொலைபேசியில் பேசினீர்கள்,
பெற்ற மகனைப் பற்றிப் பேசுவதுபோல.
நல்லவன்தான்.
அவனுக்கான பித்தளை கடல் கடந்து வரவேண்டும்,
எங்கள் விரிகுடாவில் மூடுபனி இறங்கினால்
ரொட்டியே வருவதில்லை.

என்னிடம் இருப்பவை
நான்கு காபி டப்பா நிறைய
சுட்டுத் தீர்ந்த முப்பது-நாட்-ஆறு கூடுகள்.
கழுத்தைக் கொஞ்சம் அகட்டினால்
முப்பத்தைந்து வீலன்.
சிக்கனம் என்று நினைப்பீர்கள்.
பாதி அதுதான்.

மூன்றாம் கேள்வி: மாற்றக் காரணம்.
துரு என்று எழுதியிருக்கிறேன். பொய்யில்லை.

போன அக்டோபரில் நான் வீழ்த்திய மானுக்கு
என்னோடு சேர்ந்து ஒரு கரடியும் வந்தது.
முப்பது அடித் தூரம்.
கத்தினேன். நிற்கவில்லை.
சுட்டேன்.
அது விழவில்லை, திரும்பவில்லை,
ஏதோ நினைவு வந்ததுபோல் பக்கவாட்டில் சாய்ந்து
ஆல்டர் புதருக்குள் நடந்துபோயிற்று.

இரண்டு நாள் தேடினோம்.
மழை இலைகளைக் கழுவிக்கொண்டே இருந்தது.
சிவப்பாய் இருந்ததெல்லாம் கிட்டப் போனால்
சிவப்பு இலை.
வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத்
துப்பாக்கியைக் கதவோரம் சாத்தினேன்.
எண்ணெய் தடவத் தெரியாதவள் அல்ல நான்.
ஒரு மாதம் அதைத் தொட முடியவில்லை,
அவ்வளவுதான்.

ஜூனில் கோரைப்புல் மேட்டில் ஒரு கரடி மேய்ந்தது.
முன்னங்கால் விந்தியது.
அதுதானா? தெரியாது.
விந்தும் கரடிகள் இந்தத் தீவில் எத்தனையோ.

பிழை குண்டில் இல்லை, ஹாகன்.
அவசரப்பட்டது என் விரல்.
அகன்ற துளை அவசரத்தை மன்னிக்காது, அறிவேன்.
ஆனாலும் இருநூற்றைம்பது கிரெய்ன்,
என் தோள் தாங்கும் வேகத்தில்,
கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு உதைத்தால் போதும்.
மானின் விலாவிலும்
துளையின் விளிம்பு வரை தின்னலாம் என்கிறார்கள்.

ஆகவே நான்காம் கேள்விக்கு: முப்பத்தைந்து வீலன்.
பெயரை ஆழமாகப் பொறியுங்கள்.
ஸ்பிரிடோன் இருட்டில்
கைக்குக் கிடைத்ததைப் போட்டுப் பூட்டுகிறவன்.

முன்பணம் இத்துடன்.
மீதி, செஞ்சால்மன் விற்ற பிறகு.

பழைய குழலை எறிந்துவிடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.
புகைக்கூடத்தில் மீன் தொங்கவிட
ஒரு கம்பி குறைகிறது.
குட்டைதான், பரவாயில்லை.

அகுலினா