ஈரப்பதம்

நடக்கச் சொன்னார் டாக்டர்.
ஒரு நாளைக்கு ஆறாயிரம் அடி.
"கடல் பக்கத்துலதானே இருக்கீங்க, அப்புறம் என்ன?"
என்று சீட்டை மடித்துக் கொடுத்தார்,
கடல் ஏதோ என் கொல்லைக் குழாய் மாதிரி.

நாலே முக்கால்.
கோடியக்காட்டில் நாய்கள்கூட எழவில்லை.
உப்பளத்துக்குப் போகிறவர்கள் மட்டும்
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
ஒருவர் பின் ஒருவராய்.
அதில் ஒருத்தி என் வெள்ளை ஷூவுக்கு வெளிச்சம் அடித்து
"ஓட்டமா, நடையா?" என்றாள்.
"சர்க்கரை" என்றேன்.
"எங்களுக்கு உப்பு."
சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்
இருட்டில் இறங்கியது.

பகலெல்லாம் எனக்கு நெல்லின் ஈரம் பார்க்கிற வேலை.
தார்ப்பாய்க்கு அடியில் கைவிட்டு
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட வேண்டும்.
பதினேழைத் தாண்டினால்
எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது.
இது அரசாங்க விதி இல்லை, நானே போட்டுக்கொண்டது.
கடைமடை முகம் அது.
கேட்டபோது ஆற்றில் வராத தண்ணீர்
அறுத்துக் குவித்தபின் வானத்திலிருந்து வரும்.
நேற்று இருபத்தொன்று.
தம்புசாமி ஒன்றும் பேசவில்லை.
குவியலைக் கலைத்துத் திரும்பக் காயப் போட்டார்,
காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப்
புரட்டிப் படுக்கவைப்பதுபோல.

இந்த மாசிப் பனியில் எத்தனை சதவீதம்?
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நடக்கிறேன்.
பாலை மரத்தடியில் ஒரு வெளிமான்,
கொம்பை அசைக்காமல்
நான் கடந்து போகும்வரை பொறுத்துக்கொண்டது.
தூரத்துச் சேற்றில் பூநாரைகள்.
இன்னும் நிறம் வரவில்லை, சத்தம்தான்.

கரை.
ராவணன் மீசை உருண்டோடுகிறது.
அடப்பங்கொடி தடுக்கிவிட்ட இடத்தில்தான்
டிராக்டர் தடம் பார்த்தேன்.
கடலிலிருந்து யார் டிராக்டர் ஓட்டி வந்தது?
ஏறிய தடம் ஒன்று.
இறங்கிய தடம் இல்லை.

பங்குனி ஆமை.
விடிந்துவிட்டது தெரியாமல், அல்லது தெரிந்தும்,
பின்கால்களால் தோண்டிக்கொண்டிருந்தது.
இடக்கால் ஒரு வாரல், வலக்கால் ஒரு வாரல்.
பத்தடி தள்ளி ஒரு நாய்
விருந்துக்கு முன்னதாக வந்துவிட்ட உறவுக்காரன்போல
வேறெங்கோ பார்த்தபடி.

நின்றேன்.
நாய் எழுந்தால் நானும் எழுந்தேன்,
அது உட்கார்ந்தால் உட்கார்ந்தேன்.
இப்படியே நாலைந்து முறை.
ஆமையின் கண்ணிலிருந்து ஒழுகியது.
அழுகிறது என்பார்கள். அழவில்லை,
குடித்த கடலின் உப்பைக் கழிக்கிறது.
எனக்கும் அப்படி ஒரு வழி இருந்தால்
டாக்டரிடம் போயிருக்க வேண்டாம்.

கை சும்மா இருக்குமா?
பக்கத்தில் ஒரு பிடி அள்ளினேன்.
மேல்மணல் பொருபொருவென்று கொட்டியது.
ஒரு சாண் கீழே ஈரம், குளிர்ந்து,
பிடித்தால் பிடித்தபடி நிற்கிற ஈரம்.
அது இல்லாவிட்டால் குழி சரிந்துவிடுமாம்.
பிறகு வந்த வேதையன் சொன்னான்,
வனத்துறைக் கூடையோடு.
பதினேழோ இருபத்தொன்றோ,
இங்கே யாரும் எதையும் திருப்பி அனுப்பவில்லை.

மூடிவிட்டு, வயிற்றால் மெத்தி,
ஒருமுறையும் திரும்பிப் பார்க்காமல் போனது.
முதல் அலை அதை நகர்த்தவில்லை.
இரண்டாவதும் இல்லை.
மூன்றாவதில் காணோம்.

வேதையன் எண்ணினான். நூற்றுப் பதினொன்று.
"நாயை நீங்கதான் மறிச்சீங்களா?" என்றான்.
ஆமாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.
போன் சொல்கிறது: இரண்டாயிரத்து நாற்பது அடி.
திரும்பி நடந்தாலும் கணக்கு நேராகாது.

எட்டு மணிக்கு நிலையம் திறக்க வேண்டும்.
தம்புசாமி இப்போதே வந்திருப்பார்.
ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
கிழக்கே ஒரு மேகம் இல்லை.
வெயில் இன்றைக்கு
நன்றாகத்தான் ஏறும்.