வெள்ளம் வேணுமா

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பிரௌசிங் சென்டரில்தான் உன்னை முதலில் பார்த்தேன்.
நாற்பத்தெட்டு மணி நேரம் என்று போட்டிருந்தது.
அதற்குள் சரி சொல்லாவிட்டால்
வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடுவாய்.
கடைப் பையன் பினு
"அக்கா, கரண்ட் போவும், பிரிண்ட் எடுக்கட்டா" என்றான்.
கலர் இருபது ரூபாய்.
கருப்பு வெள்ளையில் எடுத்தேன்.
மூன்று வருடமும் நாலு மாதமும் காத்திருந்தவள்
அங்கே போய்ப் பார்த்த சிக்கனம் அது.

அதற்கு முன்னால்
வருமானச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீஸ்,
உடம்பு சரிதான் என்று தக்கலை ஆஸ்பத்திரியில் ஒரு முத்திரை,
என்மேல் வழக்கில்லை என்று போலீஸ்.
பிறகு ஹேமலதா மேடம் வீடு பார்க்க வந்தார்.
குளியலறைக் கொண்டியை ஆட்டிப் பார்த்தார்.
கிணற்றுக்கு மூடி போடச் சொன்னார்.
ரப்பர் ஷீட் காயும் புகைப்புரை வாசலில் நின்று
ஆசிட் பாட்டில் எங்கே இருக்கும் என்றார்.
உயரத்தில், என்றேன்.
எவ்வளவு உயரத்தில்?
கையைத் தூக்கிக் காட்டினேன்.
ஒரு பிள்ளைக்கு எட்டாத உயரத்தை
அன்றுதான் முதலில் அளந்தேன்.

நான் செத்துப்போனால் யார் என்று
அவர் கேட்கவில்லை. படிவம் கேட்டது.
தனியாளாய்த் தத்தெடுக்கிறவளுக்கு
உறவில் ஒருவர் எழுதித் தர வேண்டும்.
அண்ணன் கிறிஸ்துதாஸ் பேனாவை வாங்கினான்.
"யாரு பெத்ததோ" என்றான்.
மூடியைத் திருகி மேசையில் வைத்தான்.
கையெழுத்துப் போட்டது ஜெஸ்லெட் மைனி.
அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் என்ன நடந்தது என்று
நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

தருமபுரி இல்லத்தில் உன்னோடு தந்தது
ஒரு தடுப்பூசி அட்டை, இரண்டு கவுன்,
காது பிய்ந்த ஒரு முயல்.
பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள்.
பொன்னரசி என்றால் மட்டும்தான் நீ திரும்பினாய்.
அதில் நான் எதற்குக் கை வைக்கிறது?

குழித்துறையில் ரயிலிறங்கி, ஆட்டோ பிடித்து, வீடு வந்து,
உன் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டேன்:
"வெள்ளம் வேணுமா மக்களே?"
நீ ஓடிப்போய் சன்னல் வழியே வெளியே பார்த்தாய்.
பிறகு, உனக்குப் பின்னால் வேறு யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாய்.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.
உன் ஊரில் வெள்ளம் வீட்டை அடித்துக்கொண்டு போகும்.
மக்கள் என்றால் கூட்டம்.
இங்கே அது ஒரு டம்ளர்.
இங்கே அது நீ ஒருத்தி.

அதிலிருந்து நான் தண்ணி என்று சொல்லப் பழகினேன்.
அதற்குள் நீ
"வெள்ளம் தா" என்று கத்த ஆரம்பித்திருந்தாய்.
ஒருவர் விட்ட சொல்லை
மற்றவர் எடுத்துக்கொண்டு
இன்னும் அப்படித்தான் பேசுகிறோம்.

ஆணை ரிஜிஸ்டர் தபாலில் வந்தது.
'இவருக்குப் பிறந்ததாகவே கருதப்படும்.'
நின்றுகொண்டே படித்தேன்.
கருதப்படும்.
சர்க்கார் கருதிக்கொள்ளட்டும்.
எனக்கு நீ காய்ச்சலோடு என் தோளில் வாந்தி எடுத்த
அந்தப் புதன்கிழமை போதும்.

உன் பிறப்புச் சான்றில் இப்போது என் பெயர்.
தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு.
மற்றக் காகிதங்களை,
உன்னைக் கண்டெடுத்த தேதி, நேரம், இடம்,
எல்லாவற்றையும் ஒரு பச்சைக் கவரில் போட்டிருக்கிறேன்.
தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு என்று ஹேமலதா மேடம் சொன்னார்.
அவர் சொல்லாவிட்டாலும் உண்டு.

அலமாரியில் கீழ்த் தட்டில் இருக்கிறது.
உயரத்தில் வைக்கவில்லை.
போன வாரம் அதன் மேல்
நீ முயலைப் படுக்க வைத்திருந்தாய்.
எடுக்காமல் கதவைச் சாத்தினேன்.