வியாழக்கிழமை வால்வு

ஆளுக்கு மூன்று நான்கு மாடு தேறும் என்பார்கள்
எங்கள் உருகுவாயில்.
என் பங்கை நான் முழுசாகப் பார்த்ததில்லை.
சுவருக்கு அப்பால் வந்து, அப்பாலேயே முடிந்து,
குழாய்வழி என்னிடம் சேர்கின்றன
இளஞ்சூட்டோடு, சிவப்பாக,
கொழுப்பு மிதக்க, மயிர் சுழல.

ஊர்ப்பெயர் பாஸோ தெ லோஸ் தோரோஸ்,
காளைகள் ஆற்றைக் கடக்கும் துறை.
கடக்காத காளைகளுக்கு நான் பொறுப்பு:
மிர்த்தா பென்தாங்கோர், இரவுப் பணி, தொட்டி எண் இரண்டு.

மயிரைச் சல்லடை பிடித்துவிடும்,
கொழுப்பை மிதவைத் தொட்டி வழித்தெடுக்கும்.
மிச்சத்துக்கு ஒரு மந்தை வைத்திருக்கிறேன்.
கொம்பில்லை, குளம்பில்லை,
ஒரு சொட்டுக்குள் ஒரு மாகாணம் அடங்கும்.
காற்றை ஊதினால் மேயும்.
ஜூலைக் குளிரில் என்னைப் போலவே
எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

கடைசியில் சவ்வுகள்:
தொட்டிக்குள் தலைவிரித்து நிற்கும் வெள்ளை இழைகள்.
தண்ணீரே, நீ மட்டும் உள்ளே வா
என்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பேச்சில்லை.

போன மாதம் தங்கை கணவன் வாஷிங்டன்
(ஆம், அதுதான் பெயர், இங்கே அப்படியும் வைப்பார்கள்)
இரத்தத் தொட்டியின் வால்வை மூட மறந்தான்.
அரை நாள் இரத்தம், ஒரே மூச்சில்.
ஆக்சிஜன் மீட்டர் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது,
அழுத்தமானியின் முள் சிவப்பில் நடுங்கியது,
இளஞ்சிவப்பு நுரை கைப்பிடிக் கம்பியைத் தாண்டி
என் பூட்ஸுக்குள் இறங்கியது.
விடியும்போது அம்மோனியா கண்ணைக் கரித்தது.
மந்தை செத்திருந்தது.
பிணம் என்று சொல்ல எதுவுமில்லை, பழுப்பு நிறம் மட்டும்.

பால் ஆலைக்கு ஓடினோம்.
அங்கே தொட்டி காக்கும் ஹெபெர் ஒரு கேள்வி கேட்கவில்லை,
இரண்டு டேங்கர் சேறு நிரப்பிக் கொடுத்தான்.
மோரைத் தின்று வளர்ந்தவை.
இரத்தம் பழகப் பதினோரு நாள்.
வாஷிங்டன் தினமும் ஷிஃப்ட் முடிந்து வந்து
தொட்டியைப் பார்த்தபடி நின்றான், பேசாமல்.
பன்னிரண்டாம் நாள் நுண்ணோக்கியில்
ஒரே ஒரு சக்கர உயிரி,
பந்திக்கு முந்தியவன் போல
வாயைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
“இதற்கா அழுதாய்?” என்றான்.
அழவில்லை, அம்மோனியா என்றேன்.

ஒன்றை அவனிடம் சொல்லவில்லை.
மேய்ந்தால் பெருகும். பெருகினால் இழை அடைத்துக்கொள்ளும்.
ஆகவே வியாழன்தோறும் நானும் ஒரு வால்வைத் திறக்கிறேன்.
பத்து கன மீட்டர்.
தலை எண்ண ஆளில்லை,
முத்திரை குத்த மருத்துவர் இல்லை,
கத்தி கழுவும் சத்தம்கூட இல்லை.

“உனக்கென்ன, சுத்தமான வேலை” என்கிறான் வாஷிங்டன்.
மாத்தே குவளையை அவன் பக்கம் நகர்த்துகிறேன்.

இன்று ஆய்வாளர் வந்தார்.
வெளியேறும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து
விளக்குக்கு நேரே உயர்த்தினார்.
அதன் வழியே என் முகம் அவருக்குத் தெரிந்திருக்கும்,
தலைகீழாக.
“குடிப்பீர்களா?”
மாட்டேன்.
பூட்ஸ் கழுவுவேன்.